பிள்ளைக்கு எவ்வளவு வலிக்கிறது? கண்டுபிடிக்கவும் அளக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

"ராத்திரி பூரா அழுதான் டாக்டர்." கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் சரி, குலசேகரத்தில் ஒரு சின்ன கிளினிக்கானாலும் சரி, வலியோடு வரும் பிள்ளையின் அம்மா முதலில் சொல்வது இதைத்தான். எங்கே வலி, எவ்வளவு, விட்டு விட்டு வருகிறதா, மருந்து கொடுத்ததும் குறைந்ததா என்று மருத்துவர் திருப்பிக் கேட்கும்போதுதான் திணறிப் போகிறார்கள். காய்ச்சலை 101, 102 என்று சொல்லத் தெரியும்; வலியைச் சொல்ல ஒரு கணக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து நான் பார்த்த வரையில், அளக்காத வலி பாதியிலேயே விடப்படுகிறது. மருந்து கொடுத்தாச்சு என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். பிள்ளைக்குக் குறைந்ததா என்று திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. வீட்டில் பெற்றோரும் வார்டில் புதிதாகச் சேர்ந்த செவிலியரும் சேர்த்தே பயன்படுத்தும்படி இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

கைக்குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியது. 1980களின் நடுப்பகுதி வரை மேலைநாடுகளில்கூடப் பிறந்த குழந்தைகளுக்கு மிகக் குறைந்த மயக்க மருந்தோடு, சில நேரம் உடம்பை அசையாமல் வைக்கும் மருந்தை மட்டும் நம்பி, அறுவை சிகிச்சை செய்தார்கள். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்த கன்வல்ஜீத் ஆனந்த் 1987இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. வலிமருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு உடம்பின் அதிர்ச்சியும் குறைவு, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைவு என்று அது காட்டியது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, வாயால் சொல்ல முடியவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகாது என்பதையும் சேர்த்தே எழுதியது.

நம் வீடுகளில் இன்னொரு தடை உண்டு. "ஆம்பிளப் பிள்ள அழலாமா?", "அழுதா ஊசி போடச் சொல்லிருவேன்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை வலியை மறைக்கப் பழகிவிடும். ஊசியைக் காட்டிப் பயமுறுத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அதை விடாதவரை கீழே சொல்லும் எந்த அளவுகோலும் உங்கள் வீட்டில் சரியாக வேலை செய்யாது.

படி 1: யாரை முதலில் நம்புவது

பேசத் தெரிந்த பிள்ளையானால் பிள்ளையின் வார்த்தைதான் முதல். அதற்கு அடுத்துதான் முகமும் உடம்பும் காட்டும் அடையாளங்கள். நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு வேகம் எல்லாம் கடைசி வரிசை. பயம், காய்ச்சல், அழுகை எதிலும் துடிப்பு ஏறும். வலி பல மணி நேரம் நீடித்தால் உடம்பு பழகி, வலி இருக்கும்போதே துடிப்பு இறங்கியும் விடும். துடிப்பு சரியாக இருக்கிறது, ஆகவே வலி இல்லை என்ற முடிவுக்கு வரவே கூடாது.

பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பவர் யாரோ அவரையும் கேளுங்கள். தூத்தூர் பக்கம் அப்பா ஆழ்கடலில் இருப்பார், இன்னொரு வீட்டில் வளைகுடாவில் இருப்பார், அம்மா முந்திரி ஆலைக்குப் போயிருப்பார். பிள்ளை எதைச் சாப்பிடாமல் தள்ளியது, எந்தக் கையை ஊன்றாமல் எழுந்தது என்பதெல்லாம் ஆச்சிக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், முடியாவிட்டால் போனிலாவது பேசச் சொல்லுங்கள்.

படி 2: வயதுக்கு ஏற்ற அளவுகோல்

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு முகம், அழுகை, மூச்சு, கை, கால், விழிப்பு நிலை என ஆறு அடையாளங்களைப் பார்க்கும் 'நிப்ஸ்' அளவுகோலை மருத்துவமனைகளில் பயன்படுத்துகிறார்கள். அழுகைக்கு 2 வரை, மற்றவற்றுக்கு 1 வரை, மொத்தம் 7. மூன்றுக்கு மேல் போனால் வலி என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் முகத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரியும்: புருவம் நெரியும், கண் இறுக மூடும், மூக்கிலிருந்து வாய்க்கோடியை நோக்கி ஒரு மடிப்பு ஆழமாக விழும். குறைமாதக் குழந்தை மட்டும் விதிவிலக்கு. அதற்கு அழவே சக்தி இருக்காது, துவண்டு கிடக்கும். அதன் அமைதியைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இரண்டு மாதத்திலிருந்து ஏறக்குறைய ஏழு வயது வரை 'ஃப்ளாக்' என்ற அளவுகோல், அடுத்த படியில் விளக்குகிறேன். நான்கு வயதுக்கு மேல் முகப்பட அட்டை. எட்டு வயதுக்கு மேல் 0 முதல் 10 வரை எண். வயது ஒரு தோராயம்தான். வலி கடுமையாக இருக்கும்போது ஐந்து வயதுப் பிள்ளைகூட அட்டையைப் பார்க்காது. அப்போது ஃப்ளாக்குக்கே திரும்பிவிடலாம்.

படி 3: ஃப்ளாக் கணக்கு போடுவது

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1997இல் வெளியான அளவுகோல் இது. முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் தலா 0, 1, 2 மதிப்பெண். மொத்தம் 10. ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்வேன் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

போர்வையை விலக்குங்கள். காலும் வயிறும் தெரியாமல் மதிப்பெண் போட முடியாது. விழித்திருக்கும் பிள்ளையை இரண்டு நிமிடமாவது, தூங்கும் பிள்ளையை ஐந்து நிமிடமாவது தொடாமல் பாருங்கள். அப்புறம் மெதுவாகத் தொட்டு, உடம்பு விறைக்கிறதா இளகுகிறதா என்று பாருங்கள்.

முகம் இயல்பாக இருந்தால் 0. அவ்வப்போது சுளித்தாலோ, எதிலும் நாட்டமில்லாமல் ஒதுங்கினாலோ 1. தாடை நடுங்கிக்கொண்டே இருந்தாலோ, பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தாலோ 2.

கால் தளர்வாக இருந்தால் 0, நிலைகொள்ளாமல் இறுகி இருந்தால் 1, உதைத்தாலோ வயிற்றோடு மடக்கிக்கொண்டாலோ 2. உடம்பும் அப்படியே: அமைதியாகப் படுத்து எளிதாகப் புரண்டால் 0, நெளிந்தால் 1, வில் மாதிரி வளைந்தாலோ விறைத்தாலோ 2. அழுகை இல்லை என்றால் 0, முனகலும் சிணுங்கலும் 1, விடாத அழுகையோ அலறலோ 2.

கடைசியாகத் தேற்றல். தானே சமாதானமாக இருந்தால் 0. தூக்கினால், பேச்சுக் கொடுத்தால், காக்காவைக் காட்டினால் அடங்குகிறது என்றால் 1. எதற்கும் மசியவில்லை என்றால் 2. ஐந்திலும் இதைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். பெற்றவள் மடியிலும் தேறாத அழுகையைச் 'சும்மா அழுறான்' என்று தள்ளிவிட முடியாது.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஒன்றேகால் வயதுக் குழந்தை. மேசையிலிருந்த சூடான சாயாவை இழுத்து நெஞ்சில் கொட்டிக்கொண்டது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி, மேலே எதையும் பூசாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். பற்பசையும் மஞ்சளும் வேண்டாம். முகம் அவ்வப்போது சுளிக்கிறது, 1. கால்களை மடக்கி மடக்கி உதைக்கிறது, 2. இடுப்பில் நெளிகிறது, 1. விட்டு விட்டு முனகல், 1. தோளில் போட்டுத் தட்டினால் கொஞ்சம் அடங்குகிறது, 1. மொத்தம் 6. மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முகச் சுளிப்பு மட்டும் மிச்சம்: 1. இந்த 6க்கும் 1க்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் மருந்து வேலை செய்தது என்பதற்குச் சாட்சி. 5ஆகவே நின்றிருந்தால் அடுத்த மருந்துக்கு மருத்துவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

1 முதல் 3 வரை லேசான வலி, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் 10 வரை கடுமை. பசியும் பயமும் நனைந்த துணியும்கூட மதிப்பெண்ணை ஏற்றும். ஆகவே பால் கொடுத்து, துணி மாற்றி, தூக்கி வைத்துப் பத்து நிமிடம் கழித்து இன்னொரு தரம் போடுங்கள்.

இந்த அளவுகோலுக்கு ஒரு குறை உண்டு. புதிதாக வந்த வலியைத்தான் இது நன்றாகப் பிடிக்கும். தீக்காயம், எலும்பு நோய், புற்றுநோய் என நாள்கணக்கில் வலியோடு இருக்கும் பிள்ளை அழுவதை நிறுத்திவிடும். அசையாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும், பொம்மையைத் தொடாது, கூப்பிட்டால் திரும்பாது. அடுத்த கட்டிலில் அலறும் பிள்ளையிடம் எல்லோரும் ஓடுவார்கள். இந்தப் பிள்ளையைச் 'சமத்து' என்பார்கள். வார்டில் வேலை செய்பவர்களுக்கு என் வேண்டுகோள்: சுற்றில் சமத்துப் பிள்ளையிடம் முதலில் போங்கள். விளையாடுகிறதா, சாப்பிடுகிறதா, தூங்குகிறதா என்று வீட்டாரிடம் கேளுங்கள்.

படி 4: நான்கு வயது முதல் ஏழு வயது வரை

முகப்பட அட்டையில் ஆறு முகங்கள் இருக்கும்: 0, 2, 4, 6, 8, 10. இரண்டு வகை பரவலாகக் கிடைக்கிறது. வாங்-பேக்கர் அட்டையில் முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் கண்ணீர் விடும். 2001இல் வெளியான திருத்திய முகப்பட அட்டையில் சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. நான் பரிந்துரைப்பது இரண்டாவதை. அம்மாவைத் தேடி வருத்தமாக இருக்கும் பிள்ளை, வலியே இல்லாவிட்டாலும் அழும் முகத்தைத் தொட்டுவிடும். வலிக்கிறது ஆனால் அழவில்லை என்பதால் நடு முகத்தைத் தொடும் பிள்ளையும் உண்டு.

கேட்கும் விதம் முக்கியம். "இந்த முகத்துக்கு ஒண்ணும் நோவல. இதுக்குக் கொஞ்சம் நோவுது. போகப் போகக் கூடுது. இந்தா, இதுக்கு ரொம்ப ரொம்ப நோவுது. இப்ப ஒனக்கு நோவுறது எந்த முகம் மக்களே?" அவ்வளவுதான். சந்தோஷம், சோகம் என்ற சொற்களே வர வேண்டாம். "நீ தைரியசாலி இல்லையா?" என்று இடையில் சேர்க்கவும் வேண்டாம். கேரள எல்லைப் பக்க வீடுகளில் பிள்ளை 'வேதன' என்றுதான் சொல்லும். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டை பிள்ளைக்குப் புரியுமா என்று முன்கூட்டியே சோதித்துவிடலாம். மட்டிப்பழம், ரசகதலி, ஏத்தம்பழம் மூன்றையும் கொடுத்துச் சிறிசிலிருந்து பெரிசாக அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கிவிட்டால் அட்டையும் பெரும்பாலும் புரியும். அடுக்கத் தெரியாத பிள்ளை முதல் முகத்தையோ கடைசி முகத்தையோதான் தொடும், அதை வைத்து முடிவெடுக்க முடியாது. அதனிடம் 'வலி இருக்கா, இல்லையா?' என்று முதலில் கேட்டு, இருக்கிறது என்றால் 'கொஞ்சமா, நிறையவா?' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அட்டை கையில் இல்லையா? நான்கு பாட்டில் மூடிகள் போதும். 1970களின் கடைசியில் நான்சி ஹெஸ்டர் என்ற செவிலியர் நான்கு சீட்டாட்டக் காய்களை வைத்து உருவாக்கிய முறை இது. ஒரு மூடி கொஞ்சம் வலி, நான்கும் சேர்ந்தால் இருப்பதிலேயே பெரிய வலி. "ஒனக்கு எத்தன மூடி வலி இருக்கு?" பிள்ளை கையால் எடுத்துக் கொடுக்கும். மருந்துக்குப் பிறகு எத்தனையைத் திருப்பி வைக்கிறது என்று பாருங்கள். புளியங்கொட்டையும் கழச்சிக்காயும் வேண்டாம். கூடவே ஒரு சின்னத் தம்பியோ தங்கையோ இருந்தால் விழுங்கிவிடும்.

படி 5: எட்டு வயதுக்கு மேல்

0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் இதைவிட வலி இருக்கவே முடியாது. இப்போது எத்தனை? சும்மா இருக்கும்போது ஒன்று, இருமும்போதோ எழுந்து உட்காரும்போதோ ஒன்று என இரண்டு எண்களைக் கேளுங்கள். குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்த பிள்ளை படுத்திருக்கையில் 2 சொல்லும், இருமினால் 8. அந்த 8ஐக் குறைக்காவிட்டால் பிள்ளை இருமாது, மூச்சை ஆழமாக இழுக்காது, சளி தேங்கும். ஓர் எண்ணை இன்னொரு பிள்ளையின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அதே பிள்ளையின் முந்தைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இந்த எண்கள் பொருந்தாமல் போகலாம். வலி வந்தால் சிரிக்கும் பிள்ளை உண்டு, தலையில் அடித்துக்கொள்ளும் பிள்ளை உண்டு, மூச்சைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை உண்டு. பிள்ளை நன்றாக இருக்கும் நாளில் எப்படி, வலி நாளில் எப்படி என்று வீட்டாரே ஒரு தாளில் எழுதி மருத்துவக் கோப்பில் வைத்துவிடுங்கள். திருத்திய ஃப்ளாக்கில் இந்தத் தனி அடையாளங்களைச் சேர்த்துக்கொள்ள இடமே விட்டிருக்கிறார்கள்.

படி 6: எண்ணுக்கு அப்பால்

எங்கே வலி என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் வயிற்றைக் காட்டும். நெஞ்சில் சளி, தொண்டைப் புண், விதைப்பை வலி எல்லாமே 'வயிறு' ஆகிவிடும். ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், அல்லது ஒரு மனித உருவத்தை வரைந்து வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். குத்துதா, எரியுதா, உளையுதா, விட்டு விட்டுப் பிடிக்குதா என்றும் கேளுங்கள். இரண்டு காலும் இரவில் உளைகிறது, பிடித்துவிட்டால் தூங்குகிறது, காலையில் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் வளரும் வயதின் வலிதான். ஒரே காலில் வலி, நொண்டல், காய்ச்சல், எடை குறைவு என்றால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

படி 7: மருந்தும் மறு அளவும்

நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு நேரம், மதிப்பெண், கொடுத்த மருந்து, ஒரு மணி நேரம் கழித்து மதிப்பெண் என்று எழுதுங்கள். ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்றிய மருந்தானால் 15 முதல் 30 நிமிடத்திலேயே மறுபடி அளக்கலாம்.

பாராசிட்டமால் அளவு வயதுக்கு அல்ல, எடைக்கு: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., 4 முதல் 6 மணி நேர இடைவெளி, நாளைக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு, சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். 10 கிலோ குழந்தைக்கு 125 சிரப் என்றால் 4 முதல் 6 மி.லி., 250 என்றால் 2 முதல் 3 மி.லி., சொட்டு மருந்தென்றால் 1 முதல் ஒன்றரை மி.லி. பழைய பாட்டிலின் அளவைப் புதிய பாட்டிலுக்குப் போட்டுவிட்டால் மருந்து இரட்டிப்பாகிவிடும். லேபிளைப் படித்து, கூட வரும் மூடியிலோ சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள், வீட்டுக் கரண்டியில் வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் எதுவும் கொடுக்காதீர்கள். டெங்கு நடமாடும் மாதங்களில் காய்ச்சலோடு வரும் உடம்பு வலிக்கு இப்யூபுரூஃபன், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் மூன்றையும் தொடவே வேண்டாம். ரத்தக் கசிவுக்கு வழி வைக்கும்.

வலிமருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும், டாக்டருக்குத் தெரியாமல் போகும் என்று வயிற்றுவலிப் பிள்ளையைத் துடிக்க விடுவது தேவையற்றது. வலியைக் குறைத்த பிறகு அமைதியாகப் படுத்திருக்கும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது மருத்துவருக்கும் எளிது.

தடுப்பூசி நாளுக்கும் இது பொருந்தும். ஊசி போடும்போதே தாய்ப்பால் குடிக்க விடுங்கள், மடியில் நிமிர்த்தி அணைத்துப் பிடியுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் மறுக்க மாட்டார்.

படி 8: உரமும் கட்டும்

விடாமல் அழும் குழந்தைக்கு உரம் விழுந்திருக்கிறது என்று முறத்திலோ சேலையிலோ போட்டுக் குலுக்குவது நம் பக்கம் இன்னும் நடக்கிறது. கழுத்து நிற்காத குழந்தையைக் குலுக்கினால் மூளையில் ரத்தம் கசியலாம். அந்த நேரத்தில் ஃப்ளாக் போடுங்கள். 7க்கு மேல் நின்றால் காதோ, குடலோ, எலும்போ காரணமாக இருக்கலாம்.

கொல்லா (முந்திரி) மரத்திலிருந்து விழுந்து முழங்கை வீங்கிய பிள்ளையை நேராகக் கட்டுப் போடும் ஆசானிடம் கொண்டுபோவதும் வழக்கம். முதலில் எக்ஸ்ரே. எங்கே கட்டுப் போட்டாலும், அது மருத்துவமனை மாவுக்கட்டே ஆனாலும், அடுத்த ஒரு நாள் வலியை அளந்துகொண்டே இருங்கள். கட்டுப் போட்ட எலும்பின் வலி குறைந்துகொண்டு வர வேண்டும். 4ஆக இருந்தது 6, 8 என்று ஏறினால், மருந்தை அடிக்கடி கேட்டால், விரலை மெதுவாக நிமிர்த்தினாலே அலறினால், உள்ளே தசை நெரிந்து ரத்த ஓட்டம் நிற்கிறது என்று அர்த்தம். விரல் மரத்து நீலமாகும்வரை காத்திருந்தால் கை வீணாகிவிடும். அந்த நிமிடமே கட்டைத் தளர்த்த வேண்டும்.

அளந்துகொண்டிருக்காமல் ஓட வேண்டிய நேரம்

தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி. சில நிமிடத்துக்கு ஒரு தரம் காலை மடக்கி அலறி, நடுவில் துவண்டுபோகும் கைக்குழந்தை. மலத்தில் ரத்தமும் சளியும் வந்தால் குடல் செருகியிருக்கலாம். திடீரென்று விதைப்பையில் வலி: பையன்கள் கூச்சத்தில் சொல்ல மாட்டார்கள், நீங்களே கேளுங்கள், 6 மணி நேரம்தான் அவகாசம். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. காலையில் தலைவலியும் வாந்தியும். காய்ச்சலோடு காலை ஊன்ற மறுப்பது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும்.

இன்னொன்று, ரப்பர் தோட்டங்களை ஒட்டிய வீடுகளுக்கு: தரையில் படுத்த பிள்ளை விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து, வாந்தி எடுத்து, இமை தொங்கினால் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். கடிவாயில் பெரும்பாலும் வலியும் தடமும் இருக்காது. வயிற்றுக்குக் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

தக்கலையோ குழித்துறையோ ஆசாரிப்பள்ளமோ, எங்கே போனாலும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். வலி தொடங்கிய நேரம், கடைசி மூன்று மதிப்பெண்கள், எந்த மருந்து எத்தனை மி.லி. எத்தனை மணிக்கு, பிள்ளையின் எடை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம். அவசரப் பிரிவில் இருப்பவர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.